மாணவர் மெயிலுக்கு எத்தனை மணி நேரத்துக்குள் பதில் எழுத வேண்டும்?

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். ஆசிரியர் வேலைக்கு வந்து இது இரண்டாவது ஆண்டு. இரவு, விடுமுறை என்று பார்க்காமல் மாணவர்களிடமிருந்து மெயில் வருகிறது. உடனே பதில் போட்டால் மாலைப்பொழுது காலி. போடாவிட்டால் மனசு உறுத்துகிறது. பக்கத்து அறையில் இருக்கும் சக ஆசிரியர் நேரில் ஒரு வார்த்தை கேட்காமல், துறைத் தலைவருக்கும் சிசி (நகல்) போட்டு மெயில் அனுப்புகிறார். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மாணவரின் அப்பா மதிப்பெண் கூட்டல் தப்பு என்று காட்டமாக எழுதியிருக்கிறார், அதற்கு நான்கு நாளாகப் பதில் எழுதாமல் வைத்திருக்கிறீர்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, கடைசியில் "மெயிலுக்கு எத்தனை மணி நேரத்துக்குள் பதில் எழுதுவது முறை?" என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள்.

மணிக்கணக்கைச் சொல்வது சுலபம்: அடுத்த வேலைநாள் முடிவதற்குள். பெரும்பாலான இடங்களில் இது போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் உங்களுக்கு வேண்டியது அந்தக் கணக்கு இல்லை என்று நினைக்கிறேன். மாணவர்களுக்குப் பிடித்த ஆசிரியராக இருந்துகொண்டே நமக்கென்று ஒரு மூலையை வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. முடியும். 27 ஆண்டு கல்லூரியில் பாடம் நடத்தி, அதில் கடைசிப் பத்தாண்டு புது ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சின்னக் குழந்தைகளுக்கு நான் பாடம் எடுத்ததில்லை. பெற்றோர் விஷயத்தில் நான் சொல்வதெல்லாம் பயிற்சிக்கு வந்த பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்த இடத்தில் மட்டும் என் பேச்சைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

மெயில் வருவதற்கு முன்பு ஒரு மாணவர் என்னைப் பார்க்க வேண்டும் என்றால் என்ன நடக்கும்? வராந்தாவில் நடந்து வருவார். கதவு பாதி சாத்தியிருக்கும். உள்ளே வேறு யாராவது இருந்தால் வெளியே சுவரில் சாய்ந்து நிற்பார். எட்டிப் பார்த்து, நான் குனிந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தால் கொஞ்சம் தயங்குவார். "சார், உள்ளே வரலாமா?" என்பார். அந்த இரண்டு நிமிடத்தில் நிறைய நடந்துவிடும். கேட்க வந்த கேள்வியை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். நிற்கும் இடத்திலேயே விடை பிடிபட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. என் முகத்தைப் பார்த்துவிட்டு 'இன்றைக்கு வேண்டாம்' என்று போனவர்களும் உண்டு. பேனாவை மூடிவைத்து, வீட்டுக் கவலையை ஒதுக்கி, ஆசிரியர் முகத்தை மாட்டிக்கொள்ள எனக்கும் அவகாசம் கிடைக்கும். இதை யாரும் விதியாக எழுதிவைக்கவில்லை. கதவும் வராந்தாவும் இருந்ததால் தானாக நடந்தது. மெயில் வந்த பிறகு நேரம் போகிறது, நேரம் போகிறது என்று எல்லோரும் புலம்புகிறோம். எனக்கென்னவோ, முதலில் போனது அந்த வாசல்படிதான் என்று தோன்றுகிறது.

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1966-இல் மனிதர்கள் ஒருவருக்கொருவர் விடும் இடைவெளியை நான்கு அடுக்காகப் பிரித்துக் காட்டினார். ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் வரை மிக நெருங்கியவர்களுக்கு. அதற்கு மேல் 1.2 மீட்டர் வரை நண்பர்களுக்கு. 3.6 மீட்டர் வரை வேலை, வியாபாரம். அதற்கு அப்பால் மேடைப் பேச்சு மாதிரி பொது இடைவெளி. இந்த அளவுகள் ஊருக்கு ஊர் மாறும் என்று அவரே சொல்லியிருக்கிறார், அதனால் சென்டிமீட்டரை விட்டுவிடுங்கள், அடுக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பறையில் கடைசி வரிசை மாணவர் நமக்கு நான்காவது அடுக்கில் இருக்கிறார். அறைக்கு வந்தால் மேசைக்கு அந்தப்பக்கம், மூன்றாவது அடுக்கு. அதே மாணவரின் மெயிலை இரவில் படுக்கையில் சாய்ந்து, முகத்துக்கு ஒரு சாண் தள்ளி போனைப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறோம். குழந்தையும் துணையும் மட்டும் வருகிற தூரத்தில் "சார், அசைன்மென்ட்டில் மூணாவது கேள்விக்கு..." என்று ஒருவர் வந்து நிற்கிறார். ஹால் காலத்தில் இந்தச் சாதனமே கிடையாது, முடிச்சுப் போட்டது நான்தான். ஆனாலும் இரவு மெயிலைப் பார்த்ததும் ஏன் அப்படி எரிச்சல் வருகிறது என்று இதை வைத்து யோசித்தபோதுதான் எனக்கே விளங்கியது. மாணவர் தப்பு எதுவும் செய்யவில்லை. அவரை அந்த இடத்துக்குக் கொண்டுபோனது என் கை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கணினி வலையில் ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொரு இயந்திரத்துக்கு முதல் மெயிலை ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் அனுப்பியது 1971-இல். அடுத்த கால் நூற்றாண்டுக்கு மேல் பெரும்பாலோருக்கு மெயில் என்பது மேசை மேல் இருக்கும் பெட்டிக்குள் இருந்தது. கணினியை அணைத்தால் மெயிலும் அணைந்துவிடும். 1999-இல் பிளாக்பெர்ரி, 2007-இல் ஐபோன் என்று வந்த பிறகுதான் அது சட்டைப் பைக்குள் ஏறியது. அதனால் முதல் வைத்தியத்தை போனில் செய்யுங்கள். வேலை மெயிலை போனிலிருந்து எடுத்துவிடுங்கள். அவ்வளவு தைரியம் வரவில்லை என்றால் அறிவிப்புச் சத்தத்தையும் அந்தச் சிவப்புப் புள்ளியையுமாவது நிறுத்துங்கள். நான் எடுத்துவிட்டேன். முதல் வாரம் கை தானாகப் பைக்குப் போய் வந்தது. மூன்றாவது வாரம் மறந்துவிட்டது.

இதில் ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். இரண்டு விஷயம் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. லாரா ஜூர்ஜ், வனேசா போன்ஸ் என்ற இருவர் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வேலை நேரத்துக்கு வெளியே வரும் அவசரமில்லாத மெயில்களை எடுத்துக்கொண்டார்கள். பெறுகிறவர் 'உடனே பதில் எதிர்பார்ப்பார்கள்' என்று நினைக்கும் அளவுக்கு, அனுப்பியவர் உண்மையில் எதிர்பார்ப்பதில்லை. 'அவசரமில்லை, முடிந்தபோது பாருங்கள்' என்று அனுப்பியவர் ஒரு வரி சேர்த்தாலே அந்த இடைவெளி குறைகிறது. இரண்டாவது, கோஸ்டாடின் குஷ்லெவ், எலிசபெத் டன் 2015-இல் வெளியிட்டது. 124 பேரை ஒரு வாரம் நாளைக்கு மூன்று முறை மட்டும் மெயில் பார்க்கச் சொன்னார்கள், இன்னொரு வாரம் இஷ்டம்போல் பார்க்கச் சொன்னார்கள். மூன்று முறை பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைந்திருந்தது. இரண்டுமே ஆசிரியர்களை மட்டும் வைத்துச் செய்ததல்ல, இரண்டாவது மொத்தமே இரண்டு வாரக் கதை. அலுவலக மெயிலுக்கும் மாணவர் மெயிலுக்கும் வித்தியாசம் உண்டு. மாணவரின் பதற்றத்துக்குப் பின்னால் ஒரு தேர்வு உட்கார்ந்திருக்கும். ஆனால் 'அவர் இப்போதே எதிர்பார்க்கிறார்' என்ற அந்த உறுத்தலில் பாதி நம் கற்பனை என்பதை என் அனுபவமும் ஒத்துக்கொள்கிறது. ஒருமுறை வகுப்பில் நேராகவே கேட்டேன்: இரவு 11 மணிக்கு எனக்கு எழுதும்போது எப்போது பதில் வரும் என்று நினைப்பீர்கள்? ஒரு பெண் சொன்னாள், "நீங்க பார்ப்பீங்கன்னே நினைக்கலை சார். காலையில் மறந்துடுவேன்னு அனுப்பி வைச்சேன்." அவளுக்கு மெயில் ஒரு ஞாபகச் சீட்டு. அதை நான் அழைப்பு மணியாக எடுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேச வேண்டும் என்று வந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்த சட்டம், முதலாளி மட்டுமில்லாமல் வேலை சம்பந்தமாக வெளியார் தொடர்புகொண்டாலும், மறுப்பது நியாயமாக இருக்கும்வரை மறுக்கலாம் என்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் உங்கள் உறுத்தலைச் சட்டம் தீர்க்காது, ஏனென்றால் உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

அந்த உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு என் கதையைச் சொல்கிறேன். கல்லூரியில் மெயில் வந்த புதிதில் பத்து நிமிடத்துக்குள் பதில் போடுவது எனக்கு ஒரு பெருமை. ஒரு பையன் இரவு 11:40-க்கு ஒரு சூத்திரம் பற்றிக் கேட்டான், 11:44-க்குப் பதில் போனது. மறுநாள் வகுப்பு முழுக்க அது பரவிவிட்டது: சார் ராத்திரியில்கூட பதில் போடுவார். தேர்வு நெருங்கியபோது ஒரே மாலையில் 60 மெயில். ஒரு நாள் காய்ச்சலில் எட்டு மணிக்கே படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் இரண்டு பேர் அறைக்கு வெளியே நின்றார்கள். கேள்வி கேட்க வரவில்லை. "சார், எங்க மேல ஏதாவது கோபமா?" என்று கேட்க வந்திருந்தார்கள். நான் ஒரு இரவு தூங்கியது அவர்களுக்கு ஒரு செய்தியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எந்த வேகத்தில் நாம் பதில் போடுகிறோமோ அந்த வேகத்தை வாக்குறுதியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், அதிலும் முதல் இரண்டு வாரத்தில். ஆரம்பத்தில் நிதானமாக இருந்துவிட்டுத் தேர்வு நேரத்தில் வேகம் கூட்டினால் 'சார் நல்லவர்'. ஆரம்பத்தில் பறந்துவிட்டுப் பிறகு நிதானமானால் 'சார் மாறிட்டார்'. மொத்த உழைப்பு ஒன்றுதான்.

பிரியமாக இருப்பதும் எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் வேறு வேறு. மெயில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது. நீங்களே உங்கள் படிப்புக் காலத்தை யோசித்துப் பாருங்கள், மனசில் நிற்கிற ஆசிரியர் யாராவது ராத்திரி உங்களுக்குக் கிடைத்தாரா? அதனால் வாசல்படியை மறுபடி கட்டுங்கள், இந்த முறை வார்த்தையால். பருவத்தின் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள், தாளிலும் கொடுத்துவிடுங்கள்: "காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மெயில் பார்ப்பேன். அடுத்த வேலைநாளுக்குள் பதில் வரும். நீங்கள் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் அனுப்பலாம், தப்பில்லை. பத்து வரிக்கு மேல் போகும் கேள்வியா, நேரில் வாருங்கள்." மூன்றாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு இரவு 11 மணிதான் கிடைக்கிற நேரம். அவர்கள் எழுதும் நேரத்தை நாம் தடுக்க வேண்டியதில்லை. நீங்களும் இரவில்தான் எழுதுவீர்கள் என்றால் எழுதுங்கள், ஆனால் காலையில் போகிற மாதிரி நேரம் குறித்துவிடுங்கள். ஜிமெயிலில் 2019-இலிருந்தே இந்த வசதி இருக்கிறது. மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் தனித்தனியாகப் பதில் போடாமல், கேட்டவர் பெயரைச் சொல்லாமல் வகுப்புக்கே பொதுவாக ஒன்று அனுப்பிவிடுங்கள்.

இதுவரை ஆசிரியரின் இடத்தைப் பற்றியே பேசினேன். மாணவருக்கும் ஓர் இடம் உண்டு, அதை நான் ஒருமுறை மிதித்துவிட்டேன். கடைசி வரிசையில் ஒரு பெண் இருந்தாள். மூன்று மாதத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. வருகைப்பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்குவாள். ஒரு நாள் அவளிடமிருந்து ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு மெயில். நான் வகுப்பில் சொன்ன ஒரு வாதத்தில் இரண்டாவது படி நிற்காது என்று, மரியாதையோடும் துல்லியத்தோடும் எழுதியிருந்தாள். அவள் சொன்னது சரி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் வகுப்பில் அவள் பெயரைச் சொல்லி, "நேற்று எனக்கு ஒரு அருமையான மெயில் வந்தது" என்று ஆரம்பித்தேன். எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காது மடல் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளிடமிருந்து மெயில் வரவே இல்லை. அவள் கதவைத் தட்டாமல் என்னிடம் வந்து சேர மெயில் ஒன்றுதான் வழியாக இருந்தது. அங்கே பேசியதை அவளைக் கேட்காமல் தூக்கிக் கூட்டத்தில் வைத்தேன். இப்போதெல்லாம் முதலில் தனியாக எழுதிக் கேட்பேன்: இதை வகுப்பில் சொல்லலாமா, பெயரோடா, பெயர் இல்லாமலா? பெரும்பாலோர் 'பெயர் இல்லாமல்' என்பார்கள். மெயில் உறவைக் கெடுத்துவிட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போகாததற்கு இந்த மாதிரி மாணவர்கள்தான் காரணம். கதவு இருந்த காலத்தில் அவர்கள் வராந்தாவுக்கே வந்ததில்லை.

அதே சமயம், இந்த வழியில் எல்லோரும் சமமாக உள்ளே வருகிறார்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் கேத்தரின் மில்க்மன் என்பவரும் இரண்டு பேரும் ஒரு சோதனை செய்தார்கள். முடிவுகள் 2015-இல் வந்தன. 259 பல்கலைக்கழகங்களில் 6,500-க்கும் மேற்பட்ட பேராசிரியர்களுக்கு, ஆராய்ச்சிப் படிப்பில் சேர விரும்பும் மாணவர் எழுதுவது போல ஒரே மெயில் போனது. மாறியது அனுப்பியவரின் பெயர் மட்டும். வெள்ளையின ஆண் என்று தோன்றும் பெயர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் பதில் வந்தது. இதை வாசித்துவிட்டு ஒரு நாள் என் அனுப்பிய மெயில்களைத் திறந்து உட்கார்ந்தேன். பெயரை வைத்து நான் பாகுபாடு காட்டினேனா என்று அதில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அழகாக எழுதப்பட்ட மெயிலுக்கு என் பதில் நீளமாகவும், தட்டுத்தடுமாறி எழுதியதற்கு இரண்டு வரியாகவும் இருந்தது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. நீளமான பதில் யாருக்குத் தேவைப்பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் தொனி. இரவு 11:47-க்கு ஒரு மெயில் வந்தது. தலைப்பு வரி இல்லை, வணக்கம் இல்லை. "சார் எனக்கு ஏன் மார்க் குறைஞ்சது" என்று ஒரே வரி. எனக்கு ரத்தம் கொதித்தது. மதிப்பெண் போடும் முறை, அவன் விட்ட இடங்கள், மரியாதையாக எழுதுவது எப்படி என்று நான்கு பத்தி எழுதி அனுப்பிவிட்டுப் படுத்தேன். மறுநாள் அவன் வந்து நின்ற நிலையைப் பார்க்க வேண்டும். "இல்ல சார், எந்தக் கேள்வியில் குறைஞ்சதுன்னு தெரிஞ்சா படிச்சுக்கலாம்னுதான்..." கேள்விக்குறி போடாதது அவன் வழக்கம், அவ்வளவுதான். ஜஸ்டின் குரூகர் என்ற உளவியலாளரின் குழுவினர் 2005-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிலது கேலி, சிலது நிஜம் என்று வாக்கியங்களை மெயிலில் அனுப்பியவர்கள், எது கேலி எது நிஜம் என்று நூற்றுக்குச் சுமார் 78 தடவை படிப்பவர் சரியாகப் புரிந்துகொள்வார் என்று கணித்தார்கள். நடந்தது 56 தடவை. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலே 50 வந்திருக்கும். படித்தவர்களோ தாங்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டோம் என்று நம்பினார்கள். எனக்கு இதில் பயமாக இருப்பது அந்தக் கடைசிப் பகுதிதான். அதனால் கோபம் வந்தால் எனக்கு ஒரு வழக்கம்: பதிலை எழுதுவேன், பெறுநர் முகவரியைக் காலியாக விடுவேன், காலையில் வாசிப்பேன். பத்தில் எட்டு அழிந்துபோகும்.

சக ஆசிரியர் விஷயத்துக்கு வருவோம். டாம்லின்சன் அந்த முதல் மெயிலை அனுப்பிய இரண்டு கணினிகளும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவை. இரண்டு கதவு தள்ளி இருக்கிறவருக்கு மெயில் அனுப்புகிற வழக்கத்துக்கு அன்றைக்கே பிள்ளையார் சுழி விழுந்துவிட்டது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். வினாத்தாளில் ஒரு கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்று எழுதி, துறைத் தலைவருக்கும் சிசி போட்டிருந்தார். நான் எல்லோருக்கும் போகிற 'ரிப்ளை ஆல்' அழுத்திப் பதில் சொன்னேன். அவர் இன்னும் ஒருவரைச் சேர்த்தார். மூன்று வாரம், 19 மெயில், வாசிக்கிறவர்கள் ஏழு பேர். வராந்தாவில் எதிரே வந்தால் இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொள்வோம். கடைசியில் விடைத்தாள் கட்டுகளோடு இருவரும் ஒரே கதவில் மாட்டிக்கொண்டபோதுதான் பேச்சு வந்தது. முந்தைய ஆண்டு இதே மாதிரி ஒரு பிரச்சினையில் 'நீங்கள் சொல்லவே இல்லையே' என்று பழி அவர் மேல் விழுந்திருக்கிறது. அதனால் இந்த முறை தலைவருக்குத் தெரியப்படுத்தி வைத்திருக்கிறார். அந்த சிசி என்னைப் போட்டுக்கொடுக்க வந்ததே இல்லை. அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்த நகல்.

எல்லா சிசியும் அப்படி அப்பாவித்தனமானது என்று சொல்ல மாட்டேன். மேலதிகாரியை வேண்டுமென்றே ஒவ்வொரு மெயிலிலும் இழுத்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே நம்பிக்கை போய்விடும், போனால் வருவதும் கஷ்டம். உங்கள் ஆள் எந்த ரகம் என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அடுத்த சிசி மெயில் வந்ததும் பதில் எழுதாமல் எழுந்து அவர் அறைக்குப் போங்கள். "பார்த்தேன், பேசிடலாமா?" என்று கேளுங்கள். பேசி முடித்த பிறகு, 'நாம் பேசியபடி இப்படிச் செய்கிறோம்' என்று இரண்டு வரியில் அதே ஆட்களுக்கு மெயில் அனுப்புங்கள். அவருக்கு வேண்டிய பதிவு கிடைத்துவிடும், உங்களுக்கு வேண்டிய பேச்சும் நடந்துவிடும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் அவர் வேறு ரகம். அப்போது நீங்களும் சுருக்கமாக, விஷயத்தை மட்டும் எழுதுங்கள்.

பதிவு என்றதும் இன்னொன்று. நேரில் சொன்னது காற்றோடு போய்விடும், மெயிலில் சொன்னது இருக்கும். நிறுவனத்தின் முகவரியிலிருந்து அனுப்புவதை நிறுவனம் பார்க்க முடியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1974-இல் வந்த மாணவர் கல்விப் பதிவுச் சட்டப்படி, ஒரு கல்லூரி மாணவரைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் பதிவுகளைப் பார்க்க அவருக்கே உரிமை உண்டு. மெயிலும் அந்தப் பதிவுக்குள் வரலாம். உங்கள் இடத்தின் விதியை நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாணவரைப் பற்றி இன்னொரு ஆசிரியருக்கு எழுதும்போது, அந்த மாணவர் பக்கத்தில் நின்று வாசித்தால் எந்த வார்த்தையை மாற்றுவேன் என்று நான் பார்ப்பேன். அனுப்புவதற்கு முன் முகவரியையும் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு மாணவர்கள் இருந்து, முதல் மூன்று எழுத்திலேயே கணினி யாரையோ நிரப்பி, ஒருவர் மதிப்பெண் இன்னொருவருக்குப் போனது என்னிடமே நடந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டு இரண்டு பேருக்கும் எழுதியது என் பணிக்காலத்தின் மிக நீளமான மதியம்.

நான் சொன்ன நேரக் கட்டுப்பாட்டுக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. சில மெயில்கள் பாடத்தைப் பற்றி ஆரம்பித்து வேறு எங்கோ போகும். "அசைன்மென்ட் முடிக்க முடியவில்லை சார், எதற்கும் அர்த்தமில்லை போலத் தோன்றுகிறது" என்ற மாதிரி. அதை வாசித்துவிட்டால் காலைவரை வைத்திருக்கக் கூடாது. "உங்கள் மெயிலைப் பார்த்தேன். இப்போது பத்திரமாக இருக்கிறீர்களா? உங்களைப் பற்றி எனக்குக் கவலையாக இருக்கிறது, உதவிக்கு ஆளைக் கூப்பிடுகிறேன்" என்று உடனே எழுதிவிட்டு, அந்த நிமிடமே நிறுவனத்தில் அதற்குப் பொறுப்பானவரைக் கூப்பிடுங்கள். ஆபத்து உடனடியாகத் தெரிந்தால் அவசர உதவி எண்ணை அழையுங்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது. தனியாக இரவு முழுக்க மெயிலில் பேசிக்கொண்டிருப்பதும் வேண்டாம். நாம் ஆசிரியர்கள், மனநல மருத்துவர்கள் இல்லை. சரி, இரவில் மெயிலே பார்க்கப்போவதில்லை என்றால் இதை எப்படிப் பிடிப்பது? பிடிக்க முடியாமல் போகலாம். அதனால்தான் முதல் வகுப்பில் கொடுக்கும் தாளில், உங்கள் மெயில் நேரத்துக்குக் கீழேயே, 'மனசு சரியில்லை என்றால் என் மெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம்' என்று எழுதி, ஆலோசகரின் எண்ணையும் 24 மணி நேர உதவி எண்ணையும் போட வேண்டும். உங்கள் கதவு மூடியிருக்கும் நேரத்தில் திறந்திருக்கும் கதவு எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக அந்த ஞாயிற்றுக்கிழமை மெயில். நான்கு நாள் அதிகம்தான், ஆனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. நீங்கள் தயங்குவது அவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று நினைப்பதால். வேண்டாம். பள்ளி ஆசிரியர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது: காட்டமான மெயிலுக்கு மெயிலிலேயே வாதம் செய்தால் இரண்டாவது சுற்று நிச்சயம், குரலுக்கு மாற்றிவிட்டால் பெரும்பாலும் ஒரே சுற்றில் முடிந்துவிடும். மதிப்பெண்ணையும் எழுதாதீர்கள், மற்ற மாணவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை வேண்டாம். உங்கள் மாணவர் வயது வந்தவர் என்றால், பெற்றோரிடம் எவ்வளவு பேசலாம் என்பதையும் முதலில் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக் காலை 9 மணிக்கு இதை அனுப்புங்கள்: "வணக்கம் ஐயா. தாமதத்துக்கு மன்னிக்கவும். நீங்கள் எழுதியதை முழுதாக வாசித்தேன், இதை நேரில் பேசினால் நல்லது என்று நினைக்கிறேன். திங்கள் அல்லது செவ்வாய் மாலை 4 மணிக்கு மேல் எப்போது உங்களுக்கு வசதி?" அவரோடு பேசுவதற்கு முன் விடைத்தாளை ஒருமுறை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டல் அவர் சொன்ன மாதிரி தப்பாக இருக்கவும் வாய்ப்பு உண்டு.